ஒரு சொனாட்டா, ஐந்து ஜோடிக் காதுகள்

பிரஸ்ஸல்ஸில் மகள் வீட்டில் இருந்த மூன்று மாதத்தைப் பற்றி நான் எழுதிய பதிவுகளில் குளிரும் டிராமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் அதிகம் என்று ஒரு நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். "அங்கே சங்கீதம் ஒன்றும் கேட்கவில்லையா சார்?" என்று எழுதியிருந்தார். கேட்டேன். ஒரே ஒரு கச்சேரி. கச்சேரி ஒன்றரை மணி நேரம். அதைப் பற்றிய வாக்குவாதம் மூன்று வாரம்.

மகள் குடியிருப்பது இரண்டாவது மாடியில். அதற்கு மேல்மாடியில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் வயலின் ஆசிரியராக இருந்தவர், 81 வயது. பாண்டிச்சேரிப் பக்கம் சொல்வதுபோல மதாம், முசியே என்றே இருவரையும் குறிப்பிடுகிறேன். மதாமுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். முசியேவுக்கு அரைகுறைதான். அவர் பிரெஞ்சில் பேசினால் என் மகள் மொழிபெயர்ப்பாள், அதுவும் தனக்கு இஷ்டப்பட்ட அளவுக்கு.

முசியேவிடம் சின்ன வயதில் வயலின் கற்ற பெண் ஒருத்தி இப்போது மேடை ஏறி வாசிக்கிறாள். அவளும் ஒரு பியானோக்காரப் பையனும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசிக்கப் போகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்று மதாம் கூப்பிட்டார். என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "பிராங்க்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். 1970களின் கடைசியில் சென்னையில் சோவியத் புத்தகக் கண்காட்சிகள் நடக்கும். டால்ஸ்டாயும் சதுரங்கப் புத்தகங்களும் கொட்டிக் கிடக்கிற மேஜைக்குப் பக்கத்தில் மெலோடியா கம்பெனி இசைத்தட்டுகளும் இருக்கும். விலை மலிவு. அப்படி வாங்கிய ஒரு தட்டில் டேவிட் ஓய்ஸ்ட்ராக் வயலின், ஸ்வியாட்டஸ்லாவ் ரிக்டர் பியானோ. அட்டை முழுக்க ரஷ்ய எழுத்து. எங்கள் தொலைபேசி இலாகாவில் ரஷ்ய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த சகா ஒருவர்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார்: சீசர் பிராங்க், ஏ மேஜர் சொனாட்டா. 1968இல் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ரசிகர்கள் முன் வாசித்ததைப் பதிவு செய்த தட்டு அது. எனக்கு மேற்கத்திய சங்கீதத்தில் ஆனா ஆவன்னா தெரியாத காலம். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தத் தட்டு, பிறகு அதன் கேசட், பிறகு சிடி, இப்போது மொபைல் என்று என் கூடவே வந்துகொண்டிருக்கிறது. வேறு யார் வாசித்தும் நான் அந்தச் சொனாட்டாவை அதிகம் கேட்டதில்லை. வேண்டியிருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிராங்க் பிறந்தது லியேஜ் நகரத்தில், 1822இல். பெல்ஜியம் என்று ஒரு நாடே அப்போது கிடையாது, அது வந்தது 1830இல். பிராங்க் பாரீஸுக்குப் போய், சேன்ட் க்ளோட்டில்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். பெயர் வாங்கித் தந்த படைப்புகள் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் எழுதியவை. (ஓய்வு பெற்றவர்கள் கவனிக்கவும்.) இந்தச் சொனாட்டா எழுதும்போது வயது 63. அதே லியேஜில் பிறந்த யூஜீன் இஸாயி என்ற வயலின் வித்வானுக்கு 1886 செப்டம்பரில் கல்யாணம். அதற்கு மொய்யாக எழுதிக் கொடுத்ததுதான் இது. பிராங்க் கல்யாணத்துக்கு வரவில்லை. வேறொருவர் கையில் நோட்டுப்பிரதி வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை கல்யாண நாளன்றே, விருந்தாளியாக வந்திருந்த லியோந்தின் போர்த்-பேன் என்ற பியானோக்கார அம்மாளோடு அவசரமாக ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, வந்தவர்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டிவிட்டார். நம் ஊர் நாதஸ்வரக்காரர் தன் கல்யாணத்தில் தானே மல்லாரி வாசித்ததுபோல.

சரி, கச்சேரிக்கு வருகிறேன்.

சின்ன ஹால். நூற்றைம்பது நாற்காலி இருக்கும், முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நாங்கள் ஐந்து பேர்: மதாம், முசியே, மகள், மாப்பிள்ளை, நான். மதாம் வேண்டுமென்றே இடதுபக்கம் பியானோக்காரரின் விரல் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார். முசியே வயலினுக்கு நேராக நடுவில். நான் அவர் பக்கத்தில். மகளும் மாப்பிள்ளையும் பின்வரிசையில், ஓரத்தில், தப்பிக்க வசதியாக.

இடைவேளைக்கு முன்னால் இஸாயியே எழுதிய தனி வயலின் சொனாட்டா ஒன்றையும் இன்னும் சில சிறு உருப்படிகளையும் வாசித்தார்கள். பெண்ணுக்கு நல்ல கை. வில் தந்தியில் விழுவதும் எடுப்பதும் தெரியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பிராங்க் ஆரம்பித்தது. முதலில் பியானோ மட்டும் நாலு அளவு, கேள்வி கேட்பதுபோலச் சில சுரக்கூட்டுகள். பிறகு வயலின் உள்ளே வர வேண்டும். நான் மனதுக்குள் ஓய்ஸ்ட்ராக்கின் நிதானத்தில் காத்திருக்கிறேன். அந்தப் பெண் அதற்கு முன்பே வந்துவிட்டாள். வந்தது மட்டும் இல்லை, போய்க்கொண்டே இருந்தாள். ஓய்ஸ்ட்ராக்கிடம் அந்த முதல் பகுதி மார்கழி விடியற்காலையில் தனியாக நடக்கிறவன் நடை. இவளிடம் அது ஊஞ்சல். அழகான ஊஞ்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் நடக்கத் தயாராக வந்தவன்.

இரண்டாவது பகுதி பியானோவின் அடித்தளத்தில் புயல் மாதிரி ஆரம்பிக்கும். பியானோ வாசிப்பவர்கள் பயப்படுகிற இடம் இது. பிராங்குக்குப் பெரிய கை. தன் கைக்கு எட்டினது எல்லோருக்கும் எட்டும் என்று எழுதிவைத்துவிட்டார். பையன் பியானோ மூடியை முழு முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்து வாசித்தான். அந்தப் பகுதி முடிந்ததும் பாதி ஹால் கைதட்டிவிட்டது. நாலு பகுதியும் முடிந்துதான் தட்ட வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். ஆனால் அந்த முடிவைக் கேட்டுவிட்டுக் கையை அடக்குவது கஷ்டம். முசியே தட்டவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

மூன்றாவது பகுதிதான் நம் ஊர்க் காதுக்குச் சட்டென்று பிடிபடும். தாளக்கட்டு தளர்ந்து, வயலின் தனியாக யோசித்து யோசித்துப் பேசும். ஆலாபனை என்று சொன்னால் இசை தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள், இருந்தாலும் எனக்கு அப்படித்தான். நாலாவதில் பியானோ ஒரு வரி சொல்ல, ஒரே ஒரு அளவு தள்ளி வயலின் அதையே சொல்லிக்கொண்டு பின்னால் வரும். பாடகர் பாட வயலின் நிழலாகத் தொடர்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது புதிதில்லை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே யாரும் பக்கவாத்தியம் கிடையாது. பிராம்ஸ் தன் சொனாட்டாக்களுக்கே 'பியானோவுக்கும் வயலினுக்கும்' என்று பியானோவை முன்னால் வைத்துத்தான் தலைப்புக் கொடுத்தார். வயலின்காரர் பெயரைப் பெரிதாகப் போட்டு நோட்டீஸ் அடிப்பது ரசிகர்களாகிய நம் பழக்கம்.

கச்சேரி முடிந்து பக்கத்து காபிக்கடைக்குப் போனோம். வெளியே நாலரை மணிக்கே இருட்டு.

மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார். "மாமா, மூணாவது பார்ட்ல கொஞ்சம் தூங்கிட்டேன். ஆனா கடைசி சூப்பர். ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் அப்படியே திருப்பிச் சொல்றது, லேட்டா வர எக்கோ மாதிரி." தூங்கினதை ஒப்புக்கொண்ட பிறகு எதை ரசித்தேன் என்று சொல்பவர் பேச்சை நான் நம்புவேன். மகள் சங்கீதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அவங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணா மூச்சு இழுத்தாங்கப்பா, பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ஜாதி.

மதாமுக்கு ஏகத் திருப்தி. மூடியை முழுசாகத் திறந்து வைத்தும் ஓர் இடத்தில்கூட வயலினை முழுக்கடிக்கவில்லை, இந்தச் சொனாட்டாவில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை, இடதுகையை எவ்வளவு லேசாக வைத்திருந்தான் தெரியுமா என்று விரலை மேஜைமேல் ஓட்டிக் காட்டினார்.

முசியே கோப்பையைக் கீழே வைத்தார். "இரண்டாவது பகுதி முழுவதும் வில் போவதைப் பார்த்தேன். வயலின் கேட்கவில்லை. பியானோ தின்றுவிட்டது" என்றார். இவ்வளவும் ஆங்கிலத்தில், எனக்காக.

மதாம் பிரெஞ்சில் சட்டென்று ஏதோ சொன்னார். நாலைந்து சொல்தான். முசியே ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். நான் மகளைப் பார்த்தேன். மகள் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்: "அது உன் காது, அந்தப் பெண் இல்லை."

என்ன நடந்தது என்று எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலேயே பாதி புரிந்துவிட்டது. ஏனென்றால் நானும் காது மிஷின் ஆசாமி.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நம் வயதுக்காரர்கள் பலருக்கும் பொருந்தும். நான் வேலை பார்த்தது தொலைபேசி இலாகா. டெலிபோன் லைனில் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்புவோம். மனிதப் பேச்சு புரிய அது போதும் என்பது கணக்கு. அதனால்தான் போனில் பாட்டுக் கேட்டால் ராகம் தெரியும், குரலின் பளபளப்பு தெரியாது. வயதானால் காதும் இதையே செய்கிறது. முதலில் போவது மேல் பக்கத்து அதிர்வுகள். எனக்கு எடுத்த ஆடியோகிராமில் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியிருக்கிறது. பணியில் இருந்த காலமெல்லாம் மற்றவர்களுக்கு அளந்து கொடுத்த பட்டையை இப்போது ஆண்டவன் எனக்கே அளந்து கொடுத்திருக்கிறான்.

வயலினுக்கு இது ரொம்பப் பொல்லாதது. அதன் தந்திகளின் அடிப்படை சுரங்கள் அப்படியொன்றும் உயரம் இல்லை. கடைசித் தந்தியைத் திறந்து வாசித்தாலே 659 ஹெர்ட்ஸ்தான். ஆனால் வயலினை வயலினாக்குவது அதன் மேல் அடுக்கடுக்காக வரும் துணை அதிர்வுகள். அவை எட்டாயிரம், பத்தாயிரம் என்று போகும். அந்த மேல்மாடி இடிந்துவிட்டால் வயலின் மங்கிப்போய், பியானோவின் நடுப்பகுதியோடு கலந்து, அதற்குக் கீழே போய்விடும். பியானோவுக்கு அவ்வளவு நஷ்டம் இல்லை. ஆகவே வயதான காதுக்குப் பியானோ எப்போதும் ஒரு படி ஜாஸ்தியாகத்தான் கேட்கும்.

முசியேவிடம் காது மிஷின் இருக்கிறது. கச்சேரிக்குப் போகும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காரணமும் சரியானதுதான். இந்த மிஷின்கள் பேச்சுக்காகச் செய்தவை. பெரிய சத்தத்தைத் தானே அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கும். அதனால் வித்வான் பாடுபட்டு உண்டாக்கிய ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடும். இன்னொன்று, மிஷின் 'கீ' என்று விசிலடிக்காமல் இருக்க உள்ளே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நீளமாக ஒரே சுரத்தை இழுக்கும் வயலினை அது தன் விசில் என்று நினைத்துக்கொண்டு வெட்டப் பார்க்கும். நான் மிஷினை மாட்டிக்கொண்டே கேட்டேன். முதல் பகுதியின் கடைசியில் அந்தப் பெண் இழுத்த நீண்ட சுரம் எனக்குத் தண்ணீருக்கு அடியில் ஆடுவதுபோலக் கேட்டது. அவள் அப்படி வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதாவது, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு கிழவர்களில் ஒருவருக்கு வயலின் கேட்கவில்லை, இன்னொருவருக்கு ஆடியது. இரண்டடி தள்ளி உட்கார்ந்த மதாமுக்கு எல்லாம் பரிபூரணம்.

டிசம்பர் சீசனில் சபா கேன்டீனில் அடைக்குக் காத்திருக்கும்போது இப்படி எத்தனை கேட்டிருக்கிறேன். "காம்போதி வழிஞ்சுது" என்பார் ஒருவர். "எங்க? சுருதியே சேரலையே" என்பார் அடுத்தவர். அபிப்பிராயம் பலவிதம் என்று சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் காபிக்கடையில் அன்றைக்குச் சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. ஐம்பது வருஷம், "இங்கே அழுத்து, அங்கே விடு, இந்தச் சுரம் அரைக் காசு குறைகிறது" என்று காதை வைத்தே பிழைத்த ஒரு மனிதரிடம், நீ கேட்டது கணக்கில் சேராது என்று சொன்னால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? மதாம் சொன்னது உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் அதில் உள்ள கொடுமை.

இந்த நேரத்தில் அந்தப் பெண் வயலின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கூடவே பையனும். எல்லோருக்கும் முத்தம், கைகுலுக்கல். முசியே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குருநாதரைக் கூப்பிடும் மரியாதையோடு "மேத்ர்" என்று ஆரம்பித்தாள். அதை மகள் எனக்கு அப்போதே காதோரம் சொன்னாள், ஒரு சொல் விடாமல். "மேத்ர், இரண்டாவது பகுதியில் நான் கேட்டேனா?"

எந்த மாணவியும் கேட்கிற கேள்விதான். மூடி முழுசாகத் திறந்திருந்ததே, அதனால் கேட்டிருப்பாள்.

மதாம் வாயைத் திறக்கவில்லை. முசியே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "எனக்குக் கேட்கவில்லை. என் மனைவிக்குக் கேட்டது. நீ அவளை நம்பு."

பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது. அடுத்த கச்சேரி லியேஜில் இருக்கிறது, அங்கே மூடியைப் பாதி முட்டில் வைத்துப் பார்க்கலாமே என்று பையனைப் பார்த்தாள். பையன் தயங்கினான். பியானோக்காரர்களுக்கு மூடியைப் பாதி சாத்துவது வாயில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. முசியே கையை ஆட்டினார். "வேண்டாம். என்னை மாதிரி ஆட்களுக்காக மூடாதே. காது உள்ளவர்களுக்கு வாசி." பிறகு மூன்றாவது பகுதியில் ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே ஏன் விரலை மாற்றினாய், நான் சொல்லிக்கொடுத்தது அதுவா என்று ஒரு பிடி பிடித்தார். விரல் மாற்றத்தைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பெண் சிரித்துவிட்டாள். மதாம் தன் கேக்கில் பாதியை வெட்டி அவர் தட்டில் வைத்தார். சமாதானம் ஆயிற்று என்று அர்த்தமா, வழக்கமாகவே அப்படிச் செய்வாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

மரியாதைக்கு "அற்புதம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் முசியே அப்படிப் பதில் சொன்ன மேஜையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை. "முதல் பகுதி எனக்கு வேகம். நாற்பது வருஷமாக ஓய்ஸ்ட்ராக் கேட்கிறவன் நான்" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். முதல் பகுதியின் தலையில் அச்சடித்திருந்தது: அலெக்ரெட்டோ பென் மொடெராட்டோ. அலெக்ரெட்டோ என்றால் ஓரளவு துள்ளல் உள்ள காலப்பிரமாணம். அதன் பின்னால் வருகிற இரண்டு சொல், ரொம்பத் துள்ளாதே என்று கையைப் பிடித்து இழுக்கிறது. "இதில் மெதுவாக என்று எங்கே இருக்கிறது?" என்றாள்.

அப்போதுதான் முசியே அந்தக் கதையைச் சொன்னார். பிராங்க் மனதில் அந்த முதல் பகுதி மெதுவாக, யோசனையாகப் போகிற ஒன்றாகத்தான் இருந்ததாம். இஸாயி அதை வேகமாக வாசித்தார். அதுதான் சரிப்படுகிறது என்று வாதாடினார். கடைசியில் பிராங்க் ஒப்புக்கொண்டு அலெக்ரெட்டோ என்றே போட்டுவிட்டார். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியென்றால் பிராங்க் என் கட்சி" என்றேன். "இருந்தார். பிறகு கட்சி மாறிவிட்டார்" என்றார் மதாம். மகள் இதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் முசியே பலமாகச் சிரித்தார்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். எழுதினவருக்கும் முதலில் வாசித்தவருக்குமே காலப்பிரமாணத்தில் ஒத்துப்போகவில்லை. அப்புறம் எங்களுக்குள் எப்படி ஒத்துப்போகும்? எழுதினவர் விட்டுக்கொடுத்தது தோழமைக்காகவா, நிஜமாகவே மனசு மாறியா என்பதை நோட்டுப் புத்தகம் சொல்லாது. என்னைக் கேட்டால், பியானோ, ஆர்கன் என்று விரலால் வாசித்தே பழகியவருக்குத் தோன்றுகிற வேகமும், ஒரே வில்லின் நீளத்துக்குள் வரியை முடித்தாக வேண்டியவருக்குத் தோன்றுகிற வேகமும் ஒன்றாக இருக்காது. வில்லுக்கு நுனி என்று ஒன்று உண்டு. மெதுவாகப் போனால் வரி முடிவதற்குள் வில் முடிந்துவிடும். ஓய்ஸ்ட்ராக் மாதிரி சிலருக்குத்தான் வில் முடிவதே இல்லை. அந்த ஓய்ஸ்ட்ராக் 1937இல் இதே பிரஸ்ஸல்ஸில், இஸாயி பெயரில் நடந்த முதல் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் என்பதை நான் சொன்னேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று முசியேவுக்கு ஆச்சரியம்.

இந்தச் சொனாட்டாவின் முதல் பொதுக் கச்சேரியும் பிரஸ்ஸல்ஸில்தான். 1886 டிசம்பர் 16, ஓவியக் கூடம் ஒன்றில். நிகழ்ச்சி நீண்டுபோய், பிராங்கின் சொனாட்டாவுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. படங்களுக்கு ஆபத்து என்று அங்கே விளக்கு ஏற்ற அனுமதி கிடையாது. முதல் பகுதியை எப்படியோ நோட்டைப் பார்த்து வாசித்துவிட்டார்கள். அதற்குமேல் எழுத்து தெரியவில்லை. இஸாயியும் அதே போர்த்-பேன் அம்மாளும் மீதி மூன்று பகுதிகளையும் இருட்டில், மனப்பாடமாகவே வாசித்து முடித்தார்கள். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் என் ஜாதி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள். மகள் பார்த்த அந்த மூச்சு அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த புதன்கிழமை மதாம் எங்களை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். மூன்று பதிவு வைத்திருந்தார். 1929 தீபோ-கோர்த்தோ, 1937 ஹைஃபெட்ஸ்-ரூபின்ஸ்டைன், அப்புறம் என் ஓய்ஸ்ட்ராக்-ரிக்டர். முசியே பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை அதில் மேல் அதிர்வுகளை மட்டும் தூக்கிக் கொடுக்கும்படி செய்திருந்தார். (தூங்கினாலும் உபகாரி.) ஹைஃபெட்ஸ் நாலு வரி வாசிப்பதற்குள் முசியே கண்ணை அகலத் திறந்து கையை உயர்த்தினார். அந்த வில் சத்தம், தந்தியைக் கடிக்கிற அந்தச் சின்ன உராய்வு, அது கேட்கிறது என்றார். அதையே மூன்று தடவை போடச் சொன்னார்.

மற்றபடி ஒருவரும் ஒருவர் பக்கம் சாயவில்லை. கோர்த்தோ தப்புச் சுரம் தட்டுவதில் பேர் போனவர். மதாம் அதற்காகவே அவரை நேசிக்கிறார் போல இருக்கிறது. ஒவ்வொரு தப்புக்கும் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். தீபோ சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போவது எனக்குப் பிடித்தது. கமகத்துக்குப் பழகிய காது, வேறென்ன. ஹைஃபெட்ஸ் வேகம் எனக்கு ஆகவில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். ஓய்ஸ்ட்ராக் வரும்போது நான் ஒன்றும் பேசவில்லை, பேச வேண்டியதில்லை என்பது என் எண்ணம். முசியே ஹெட்போனைக் கழற்றி, முழுசாக ஒரு தடவை தனியாகக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்றார். ஊருக்குக் கிளம்பும்வரை சொல்லவில்லை.

சென்னைக்கு வந்ததும் ஆடியாலஜிஸ்ட்டிடம் போய் இசைக்கென்று தனியாக ஒரு செட்டிங் போடச் சொன்னேன். அமுக்குவதைக் குறைத்து, விசில் வெட்டுகிற வேலையை நிறுத்திக் கொடுத்திருக்கிறார். நீண்ட சுரம் இப்போது ஆடுவதில்லை. மங்கினது மங்கினதுதான். லியேஜ் கச்சேரியில் பையன் மூடியை முழுசாகத் திறந்தே வைத்திருந்தான் என்று மகள் சொன்னாள். வயலின் கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

போன வாரம் மகள் வாட்ஸப்பில் முசியேவின் தீர்ப்பை அனுப்பியிருந்தாள். ஓய்ஸ்ட்ராக்-ரிக்டரை ஹெட்போனில் நாலு தடவை கேட்டாராம். மகா பெரிய வாசிப்பாம், சந்தேகமே இல்லையாம். ஆனால் கல்யாணத்தன்று இஸாயி இந்த வேகத்தில் வாசித்திருந்தால் விருந்தாளிகள் பாதியில் எழுந்து சாப்பிடப் போயிருப்பார்களாம்.

பதில் இன்னும் எழுதவில்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் எந்த வேகத்தில் வாசித்தாலும் அதுதான் நடக்கும் என்பதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று மகளிடம் கேட்டிருக்கிறேன்.